வெறுங்கை நாட்களையும் எண்ணினோம்: வேல்ஸில் ஒரு தூண்டில் சங்கத்தின் மூன்று பருவங்கள்

பின்னணி

இது வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தென்ஷயரில் நடந்தது. டவி ஆறு அங்கேதான் கடலைத் தொடுகிறது. முழுக்க வேல்ஸுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் அதுதான் நீளமானது, ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கார்மார்தென் ஊர்ப் பக்கம் இன்றும் சிலர் கொரக்கிளில் போய் வலை இழுக்கிறார்கள். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்குக் கொரக்கிளை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஆள் உட்காரும் சின்னப் பரிசல் அது. ஆனால் இங்கே நான் எழுதுவது வலைக்காரர்களைப் பற்றி அல்ல. டவியில் கலக்கும் கிளையாறு ஒன்றில் சுமார் மூன்று கிலோமீட்டர் கரையைக் குத்தகைக்கு வைத்திருக்கும் ஒரு சிறிய தூண்டில் சங்கத்தைப் பற்றி. வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்த நான் அதில் உறுப்பினர். கணக்குப் பார்க்கத் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதால் கமிட்டியிலும் உட்கார வேண்டியதாயிற்று. சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

இங்கே எல்லோரும் தேடி வருவது இரண்டு மீன்களை. ஒன்று சால்மன். இன்னொன்று கடல் டிரவுட். வேல்ஸில் அதற்கு சூயின் என்று பெயர். ஆற்று டிரவுட்டும் சூயினும் ஒரே இனம்தான். சில குஞ்சுகள் ஆற்றிலேயே தங்கிவிடும், சில கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பும். அப்படித் திரும்பி வரும் சால்மன் ஆற்றில் இரை தேடுவதில்லை. முட்டையிடும் காலம் வரை உடம்பில் சேர்த்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். சூயினும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக, விரதம் இருப்பவரை விருந்துக்குக் கூப்பிடுகிற வேலை இது. கூப்பிட்டது பலிப்பது எத்தனை தடவைக்கு ஒரு தடவை? சங்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கிடைத்தது. அதில் ஒன்றுகூடக் கணக்கிலிருந்து வந்தது இல்லை.

2021 நவம்பர்: ஒரு கடிதம்

பருவம் அக்டோபர் 17-ல் முடிகிறது. அடுத்த சில வாரங்களில் உறுப்பினர்களுக்கு ஆண்டறிக்கை போகும். 2021 அறிக்கையில் ‘இந்தப் பருவம் 47 மீன்: சூயின் 41, சால்மன் 6’ என்று போட்டிருந்தோம். உறுப்பினர்கள் 60 பேர். பொருளாளர் உற்சாகத்தில் ‘ஆளுக்கு முக்கால் மீனுக்கு மேல்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்த வருஷம்தான் சேர்ந்தவர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து இங்கே வீடு வாங்கி வந்தவர். கடிதம் சிறியது. “நான் 23 முறை ஆற்றுக்கு வந்தேன். ஒரு மீன்கூட என் முள்ளைத் தொடவில்லை. என் பங்கு முக்கால் மீன் யாரிடம் இருக்கிறது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.” கீழே இன்னொரு வரி: இனிமேல் விளம்பரத்தில் 47 என்ற எண்ணைப் போட்டால் அதை ஏமாற்று வேலை என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்று.

கமிட்டி கூடியது. பழைய ஆட்களில் ஒருவர், “சூயின் கத்துக்க அஞ்சு வருஷம் ஆகும், அவசரப்பட்டா எப்படி?” என்றார். இன்னொருவர், “ஆத்துல மீனே இல்லைங்க, அதைச் சொல்லாம கணக்கு எதுக்கு?” என்றார். பொருளாளர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஆள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளில் நூற்றுக்கு ஐந்துகூட இன்று உயிரோடு திரும்புவதில்லை என்றுதான் பல ஆறுகளில் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 1952-லிருந்து தூண்டில் சால்மனுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2010-ல் அது 1,10,000-ஐத் தாண்டியது. 2021-ல் 36,000-க்கும் கீழே விழுந்தது. அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு அதுதான். ஆனால் இப்படிப்பட்ட மொத்தக் கணக்கில் ஒரு வசதிக்குறைவு உண்டு. மீன் குறைந்தாலும் மொத்தம் குறையும், ஆற்றுக்குப் போகிறவர்கள் குறைந்தாலும் குறையும். எது எவ்வளவு என்று அந்த எண் மட்டும் சொல்லாது. எங்கள் 47-க்கும் அதே குறை இருந்தது.

பழைய நோட்டில் இருந்ததும் இல்லாததும்

47 எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனேன். ஆற்றோரம் சங்கத்துக்கு ஒரு மரக் கொட்டகை உண்டு. அதில் கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவு நோட்டு, ஈரத்தில் ஊதிப் பாதி தலையணை மாதிரி ஆகியிருந்தது. பத்திகள் ஐந்து: தேதி, எந்த மடு, எந்த ஈ (முள்ளில் கட்டும் போலிப் பூச்சி), எடை, கையெழுத்து. மீன் பிடித்தவர் வந்து எழுதுவார், பிடிக்காதவர் வீட்டுக்குப் போவார். எத்தனை மணி நேரம் நின்றார் என்பதற்குப் பத்தியே கிடையாது. 47 மீனும் எத்தனை முயற்சியில் வந்தவை என்று அந்த நோட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் தெரியாது.

தூண்டில் உலகத்தின் பழக்கமே இதுதான் என்று நினைக்கிறேன். 1922 அக்டோபர் 7 அன்று ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான் பிரிட்டனில் தூண்டிலில் கிடைத்ததிலேயே பெரியது என்று இன்றும் சொல்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த மீனின் எடை பவுண்டுக் கணக்காகத் தெரிகிறது. அதே வாரம் அதே ஆற்றில் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை யார் எழுதி வைப்பார்கள்?

நோட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2020 ஜனவரியிலிருந்து வேல்ஸில் பிடிக்கிற சால்மன் ஒவ்வொன்றையும் திரும்ப ஆற்றில் விட்டாக வேண்டும், அது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் முன்பு மீனைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் எடையை எழுதினார்கள். இப்போது ‘சுமார் 8 பவுண்டு’ என்பதெல்லாம் பிடித்தவரின் வாய்ச்சொல். 2021-ன் ஆறு சால்மன்களில் இரண்டை ஒரே ஆள், ஒரே மாலையில், சாட்சி இல்லாமல் பிடித்திருந்தார். பொய் என்று சொல்லவில்லை. நிரூபிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கம் இந்த விஷயத்தில் எங்களைவிடத் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சால்மன், கடல் டிரவுட் உரிமம் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் பருவம் முடிந்ததும், ஜனவரி 1-க்குள், ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எந்த ஆற்றில் எத்தனை நாள் போனீர்கள் என்று அதில் கேட்பார்கள். ஒன்றும் பிடிக்காவிட்டாலும், ஆற்றுப் பக்கமே போகாவிட்டாலும் அனுப்பியாக வேண்டும். அதனால்தான் அவர்களுடைய அறிக்கையில் 100 நாளுக்கு எத்தனை சால்மன் என்று ஒரு அளவைத் தர முடிகிறது. எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் வருஷா வருஷம் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, சங்க நோட்டில் மீனை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என்ன எண்ணுவது என்ற தகராறு

2022 ஜனவரியில் முடிவெடுத்தோம்: ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. ஆற்றுக்குப் போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. மீன் இல்லாவிட்டால் பூஜ்யம். ஆங்கிலத்தில் இதை பிளாங்க் என்பார்கள். நான் வெறுங்கை என்றே எழுதுகிறேன்.

சொல்வது சுலபம். கார்டின் பத்திகளை முடிவு செய்ய மூன்று கூட்டம் ஆனது. முதலில், ‘ஒரு முறை’ என்பது என்ன? வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நாற்பது நிமிஷம் வீசிப் பார்ப்பதும், இரவு பத்தரையிலிருந்து விடியும் வரை நிற்பதும் ஒன்றா? மணிக்கணக்கையும் எழுதச் சொன்னோம். பாதிப் பேர் எழுதவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதனால் கடைசியில் ‘முறை’தான் எங்கள் அலகாக நின்றது.

அப்புறம், எது மீன்? கையளவு சூயின்கள் கூட்டமாக வரும் ஆகஸ்டில் ஒரே இரவில் ஐந்தாறு மாட்டலாம். அதைச் சேர்த்தால் கணக்கு வீங்கும். ஒரு பவுண்டுக்குக் குறைந்ததைத் தனிப் பத்தியில் போட்டோம், மொத்தத்தில் சேர்க்கவில்லை. மாட்டித் தப்பியது? சூயினின் வாய் மெத்தென்றிருக்கும், முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தப்பியதையும் எண்ண வேண்டும் என்று நான் சொன்னேன். “தப்பின மீனை எண்ண ஆரம்பிச்சா இந்த ஆத்துல தண்ணிக்கு இடம் இருக்காது” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள், தீர்மானம் தோற்றது. இப்போதும் அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன்.

கார்டைத் திருப்பித் தருகிறவருக்கு அடுத்த வருஷக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கலாமா என்று பேசினோம். வேண்டாம் என்று விட்டோம். தள்ளுபடிக்காக எழுதப்படும் கார்டில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். கார்டு தராமல் புதுப்பிக்க முடியாது என்று மட்டும் விதி வைத்தோம். இந்த விதியும் தன் பங்குக்கு ஒரு கெடுதல் செய்தது.

பகல், இரவு என்று ஒரு பத்தி வைக்கச் சொன்னவர் எழுபது தாண்டிய ஒரு பழைய உறுப்பினர். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அவர் பேசியது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்.

2022: தண்ணீரில்லாத கோடை

முதல் கார்டுப் பருவமே வறட்சியில் மாட்டியது. ஆகஸ்ட் 19 அன்று தென்மேற்கு வேல்ஸில் அதிகாரபூர்வமாக வறட்சி அறிவித்தார்கள். எங்கள் கிளையாற்றுக்கு மேலே தண்ணீர் திறந்துவிட அணை எதுவும் இல்லை. ஜூலையில் சரளைக் கற்கள் வெளியே தெரிந்தன. சூயின்கள் ஆழமான மடுக்களில் அடைந்து கிடந்தன; பாலத்திலிருந்து பார்த்தால் கறுப்புக் கோடுகளாகத் தெரியும், எதைப் போட்டாலும் அசையாது. மழை பெய்து, ஆறு ஏறி, கலங்கல் வடிந்து தேநீர் நிறத்துக்குத் தெளிகிற அந்த ஒன்றிரண்டு நாள் அந்தப் பருவத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வந்தது.

கார்டுகள் திரும்பிய விதம்

உறுப்பினர்கள் 58. அக்டோபர் கடைசிக்குள் கேட்காமலே வந்து சேர்ந்தவை 17 கார்டுகள். ஒரு நினைவூட்டலுக்குப் பிறகு 15. இரண்டாவது கடிதம், தொலைபேசி, இரண்டு பேர் வீட்டுக் கதவைத் தட்டியது எல்லாம் சேர்ந்து இன்னும் 20. மொத்தம் 52. மீதி ஆறு பேர் கார்டு தரவில்லை, புதுப்பிக்கவும் இல்லை.

முதலில் வந்த 17 கார்டுகளை மேசையில் பரப்பியபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. 214 முறை, 33 மீன். ஆறரை முறைக்கு ஒரு மீன். வறட்சியில் இது மோசமில்லை என்று செயலாளருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். அடுத்த 15-ல் மொத்தம் ஆறு மீன். கடைசி 20 கார்டிலும் சேர்த்து இரண்டே மீன்.

சொல்ல ஏதாவது இருக்கிறவன்தான் முதலில் வந்து சொல்கிறான். பூஜ்யம் பூஜ்யமாக எழுதிய கார்டை யாரும் ஆசையாகத் தபாலில் போடுவதில்லை. நான் அக்டோபர் கடைசியில் கணக்கை மூடியிருந்தால் எங்கள் ஆறு இருப்பதைவிட ஒன்றரை மடங்கு நல்ல ஆறாகத் தெரிந்திருக்கும்.

கார்டுகளின் தோற்றமே பல விஷயம் சொன்னது. சில நனைந்து காய்ந்து, மை கலைந்து, ஓரத்தில் முள் குத்திய துளையோடு இருந்தன. சில அயர்ன் பண்ணின மாதிரி சுத்தமாக, மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில். சமையலறை மேசையில் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியது. புதுப்பிக்க கார்டு கட்டாயம் என்ற எங்கள் விதியின் விளைவு இது. அப்படிப்பட்ட கார்டுகளில் மொத்தம் 10, 20, 30 என்று உருண்டையாக வந்தது. 17, 23 என்று வரவே இல்லை. இப்படி ஒன்பது. அவற்றை ஒதுக்கவில்லை, மூலையில் ‘ஞாபகத்திலிருந்து’ என்று பென்சிலில் குறித்து வைத்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. கரையில் நின்று சந்திக்கிறவர்களை “எப்படிப் போகுது?” என்று கேட்டுத்தான் கமிட்டிக்காரர்கள் இதுவரை நிலவரம் தெரிந்துகொண்டார்கள். நாற்பது முறை வருகிறவரைக் கரையில் பார்க்கும் வாய்ப்பு, நான்கு முறை வருகிறவரைப் பார்ப்பதைப் போல் பத்து மடங்கு. நாற்பது முறை வருகிறவருக்குத்தான் ஆறும் தெரியும். ஆகவே கேட்டதெல்லாம் கெட்டிக்காரர்களின் பதிலாகவே இருந்தது.

கணக்கு சொன்னது

52 பேரில் 19 பேர் அந்தப் பருவம் ஆற்றில் காலே வைக்கவில்லை. கட்டணம் கட்டுவது அவர்களுக்கு ஒரு பழக்கம், அல்லது பாசம். மீதி 33 பேர் சேர்ந்து 412 முறை போனார்கள். கிடைத்தது 41 மீன்: சூயின் 38, சால்மன் 3. அதாவது பத்து முறை போனால் ஒன்று.

இந்தப் ‘பத்துக்கு ஒன்று’ யாருக்கும் பொருந்தாத ஒரு எண். 41-ல் 27 மீனை ஐந்து பேர் பிடித்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் மீதி 14-ஐப் பகிர்ந்துகொண்டார்கள். ஆற்றுக்குப் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதி, 16 பேர், பருவம் முழுக்க வெறுங்கை. அந்த ஐந்து பேருக்கு ஐந்தரை முறைக்கு ஒரு மீன், மற்றவர்களுக்கு 19 முறைக்கு ஒன்று.

பால் லாரிக்காரர் கேட்டு வாங்கிய பத்திதான் இதில் மிச்சத்தைத் திறந்து காட்டியது. இரவில் போனது 121 முறை, மீன் 30. நான்கு முறைக்கு ஒன்று. பகலில் போனது 291 முறை, மீன் 11. ஏறக்குறைய 26 முறைக்கு ஒன்று. அந்தப் பகல் மீன்களிலும் எட்டு, மழைக்குப் பிந்தைய இரண்டு நாட்களுக்குள் வந்தவை. வறண்ட பகலில், தெளிந்த தண்ணீரில், மூன்றே மீன்.

பிறகு வாத்தியாரின் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 2021-ல் அவர் போன 23 முறையும் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில். சங்கத்தின் பொது விகிதமான பத்துக்கு ஒன்றை அவருக்குப் போட்டுப் பார்த்தால், 23 முறையும் வெறுங்கையாகத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 9தான். பாவம், துரதிர்ஷ்டசாலி என்று தோன்றும். பகல் விகிதத்தைப் போட்டால் அது நூற்றுக்கு 41. அவரைப் போல் ஐந்து பேர் போயிருந்தால் இரண்டு பேர் அதே கடிதத்தை எழுதியிருப்பார்கள். 2022-ன் விகிதத்தை 2021-க்குப் போடுகிறேன் என்பது இதில் உள்ள ஓட்டை. 2021-க்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

வெளியிடுவதா என்ற வாக்கெடுப்பு

2022 டிசம்பர் கூட்டம் நீண்டது. ‘412 முறை, 41 மீன், 16 பேருக்கு ஒன்றுமில்லை’ என்று அறிக்கையில் போட்டால் புது ஆள் யார் சேருவார்கள் என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி, குத்தகைப் பணம் உறுப்பினர் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. போடாவிட்டால் அடுத்த நவம்பரில் இன்னொரு கடிதம் வரும் என்றேன். ஐந்துக்கு நான்கு என்று போடுவது முடிவாயிற்று. பகல், இரவு விகிதத்தைத் தனித்தனியாக, முதல் பக்கத்திலேயே போட்டோம். ‘ஆளுக்கு முக்கால் மீன்’ என்பது போன்ற வரி இனி கிடையாது என்றும் குறித்துக்கொண்டோம்.

வாத்தியாரிடம் நேரில் போய்ப் பேசும் பொறுப்பைப் பால் லாரிக்காரர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். லாரிக்காரர் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ராத்திரி வந்திருக்கீங்களா?”

“இருட்டுல கல்லு வழுக்குமே.”

“பகல்ல வந்து நடந்து பாத்துக்குங்க. எந்தக் கல்லு எங்கேன்னு காலுக்குத் தெரியணும், கண்ணுக்கு இல்ல. அப்புறம் சாயங்காலம் வந்து கரையில உக்காருங்க. எதிர்க்கரை இலை பச்சையாத் தெரியுற வரைக்கும் நரம்பைத் தண்ணில போடாதீங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஜூன்ல பதினொண்ணு ஆயிடும். டீ கொண்டு வாங்க.”

2023: நல்ல எண், சிக்கலான காரணம்

ஏழு பேர் புதுப்பிக்கவில்லை, நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பொருளாளர் பயந்தது பாதி நடந்தது. போனவர்களில் மூன்று பேர் ஏற்கெனவே ஆற்றுக்கு வராதவர்கள்தான்.

பருவ முடிவில் 366 முறை, 52 மீன். ஏழு முறைக்கு ஒன்று. கமிட்டியில் சந்தோஷம். நாம் உண்மையைச் சொன்னோம், ஆட்கள் இரவுக்கு மாறினார்கள், மீன் கூடியது என்று ஒருவர் எழுந்து நின்றே பேசினார்.

பாதி சரி. இரவு முறைகள் 121-லிருந்து 168 ஆகியிருந்தன, பகல் முறைகள் 291-லிருந்து 198-க்கு இறங்கியிருந்தன. 2022-ன் விகிதங்களையே இந்தப் புதுப் பங்கீட்டுக்குப் போட்டால் 49 மீன் வரும், வந்தது 52. பார்க்க ஒத்துப்போகிறது. ஆனால் உள்ளே பிரித்தால் கதை வேறு. இரவில் 37 மீன், நான்கரை முறைக்கு ஒன்று, முந்தைய வருஷத்தைவிடக் கொஞ்சம் மோசம். பகலில் 15 மீன், 13 முறைக்கு ஒன்று, முந்தைய வருஷத்தைப் போல் இரண்டு மடங்கு. 2023 ஜூலை நனைந்த ஜூலை. ஆறு ஏறி ஏறி இறங்கியது. கலங்கலில் இரவு வேலைக்கு ஆகாது, வடியும் பகல்தான் நல்லது. ஆக, இரவுக்கு மாறியதால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை மழை இரவில் பறித்து, பகலில் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இரவுக்குப் புதியவர்கள் வந்ததாலும் விகிதம் இறங்கியிருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இரண்டு வருஷக் கணக்கு போதாது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை.

வாத்தியார் அந்த வருஷம் 31 வரி எழுதியிருந்தார், 19 இரவு. ஆறாவது இரவில் ஒன்று மாட்டி, துள்ளி, முள்ளை உதறிவிட்டுப் போனது. எங்கள் தீர்மானத்தின்படி அது பூஜ்யம். அவர் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் சின்னதாக ‘இது பூஜ்யம் அல்ல’ என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது இரவில் இரண்டே முக்கால் பவுண்டில் ஒரு சூயின். பருவத்துக்கு மொத்தம் மூன்று. பகலில் போன பன்னிரண்டு முறையும் வெறுங்கை.

இன்று செய்வதானால்

மாட்டித் தப்பியதற்கு முதல் வருஷத்திலிருந்தே பத்தி வைத்திருப்பேன். மீன் ஆற்றில் இருக்கிறதா, எடுக்கத் தெரியவில்லையா என்ற கேள்விக்கு அது ஒரு நல்ல துப்பு. வாத்தியாரின் கார்டைப் பார்த்தபின் 2024 கார்டில் அந்தப் பத்தி வந்துவிட்டது. செயலாளர் இந்த முறை சிரிக்கவில்லை.

தண்ணீர் மட்டத்தை உறுப்பினர்களிடம் கேட்டதே வீண். ‘கொஞ்சம் உயரம்’ என்று ஒருவர் எழுதிய அதே மாலையை இன்னொருவர் ‘தாழ்வு’ என்று எழுதியிருந்தார். ஆற்று மட்ட அளவுகோலின் பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேதியும் நேரமும் இருந்தால் மட்டத்தை நாமே பொருத்திக்கொள்ளலாம்.

சால்மனையும் சூயினையும் ஒரே மொத்தத்தில் சேர்த்ததும் தவறு. வருஷத்துக்கு மூன்று சால்மனை வைத்துக்கொண்டு சால்மன் விகிதம் என்று எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சேர்த்துச் சொன்னபோது சூயினின் நிழலில் சால்மனின் நிலை மறைந்துவிட்டது.

புதுப்பிக்க கார்டு கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டோம். பதிலாக, ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என்று மூன்று கார்டுகள். நீலப் பேனாக் கார்டுகள் குறையும் என்ற நம்பிக்கை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது எங்களுக்கு வெட்கம்தான். பெட்ரோல் பங்கில் ஒருநாள் டிக்கெட் விற்கிறோம். விடுமுறைக்கு வந்த குடும்பத்துக்காரர்கள், வழிப்போக்கர்கள் வாங்குவார்கள், பெரும்பாலும் பகலுக்கு. அவர்களுக்குக் கார்டே கிடையாது. பத்துக்கு ஒன்றோ ஏழுக்கு ஒன்றோ, எதிலும் அவர்கள் இல்லை.

2024 ஏப்ரலில் பங்க் கவுன்டரில் ஒரு தகரப் பெட்டியும், டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க ஒரு கட்டு கார்டும் வைத்தோம். ஜூன் கடைசி வரை பெட்டியில் விழுந்தவை மூன்று. மூன்றிலும் மீன் இருந்தது.